நைஜீரியாவின் 774 உள்ளாட்சிப் பகுதிகள்: ஒரு மாநிலம் புதிதாக ஒன்றைச் சேர்க்க முடியுமா?

முடியும். ஆனால் மாநிலம் மட்டும் நினைத்தால் போதாது.

அங்கே 36 மாநிலங்களுக்குள் 768 உள்ளாட்சிப் பகுதிகள். தலைநகரப் பகுதியான அபுஜாவில் 6 பகுதி மன்றங்கள். ஆக 774. ஒவ்வொன்றும் வார்டுகளாகப் பிரியும், வார்டுக்கு ஒரு கவுன்சிலர்.

சிக்கல் எங்கே என்றால், இந்தப் பட்டியல் 1999 அரசியலமைப்பின் முதல் அட்டவணையிலேயே பெயர் பெயராக இருக்கிறது. அரசாணை போட்டு ஒரு பெயரைக்கூடச் சேர்க்க முடியாது.

8ஆம் பிரிவு சொல்லும் வழி நீளமானது. அந்தப் பகுதியின் மாநிலச் சட்டமன்ற உறுப்பினர்கள், உள்ளாட்சி உறுப்பினர்கள் என இரு தரப்பிலும் மூன்றில் இரண்டு பங்கினர் முதலில் கோரிக்கையை ஆதரிக்க வேண்டும். அடுத்து அங்கே பொது வாக்கெடுப்பு. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு. முடிவை மாநிலத்திலுள்ள மன்றங்களில் பெரும்பாலானவை ஏற்க வேண்டும், பிறகு மாநிலச் சட்டமன்றம் மறுபடி மூன்றில் இரண்டு பங்கால் நிறைவேற்ற வேண்டும். இத்தனையும் தாண்டிய பின், அட்டவணையைத் திருத்த தேசிய சட்டமன்றம் (நாட்டின் நாடாளுமன்றம்) தனியே சட்டம் இயற்ற வேண்டும்.

இந்தக் கடைசிப் படியில்தான் லாகோஸ் மாநிலம் மாட்டிக்கொண்டது. தன் 20 பகுதிகளை உடைத்து 57 ஆக்கியது. மத்திய அரசு நிதியை நிறுத்தியது. 2004இல் உச்ச நீதிமன்றம் இரு பக்கமும் தட்டியது: பிரித்தது செல்லும், ஆனால் தேசிய சட்டமன்றம் ஏற்கும்வரை முழுமை பெறாது, அதற்காகப் பணத்தைப் பிடித்துவைக்க குடியரசுத் தலைவருக்கும் அதிகாரமில்லை. கூடுதலான 37 மன்றங்களும் இயங்கத்தான் செய்கின்றன, 'வளர்ச்சிப் பகுதி' என்ற பெயரில். மத்திய நிதிக் கணக்கில் லாகோஸ் இன்னும் 20தான்.