மேடையில் ஒலித்த அப்பாவின் குரல்

மதிப்பிற்குரிய ஆலோசகருக்கு,

எனக்கு 26 வயது. லண்டன் ஈஸ்ட்ஹாமில் பிறந்து வளர்ந்தேன். அப்பா யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் கணித ஆசிரியராக இருந்தவர். போரால் நேர்ந்த 1995 ஒக்டோபர் இடப்பெயர்வில் ஊரைவிட்டு வெளியேறி, இரண்டு ஆண்டுகள் கழித்து இங்கு வந்து, பெற்றோல் நிலையமொன்றில் இருபது ஆண்டுகள் இரவு வேலை பார்த்தார். ஒன்பது வயதிலிருந்து, வீட்டுக்கு வரும் கடிதங்களை வாசித்துச் சொல்வதும் அலுவலகங்களுடன் தொலைபேசியில் பேசுவதும் என் பொறுப்பாக இருந்தன.

ஓராண்டாகப் பப் மாடிகளில் நடக்கும் ஸ்டாண்ட்-அப் நகைச்சுவை நிகழ்ச்சிகளில் ஐந்து நிமிடம் பேசி வருகிறேன். மின்கட்டணம் பற்றி அப்பா தொலைபேசியில் முறையிட்ட கதைக்குத்தான் அதிகச் சிரிப்பு எழும். அவருடைய ஆங்கில உச்சரிப்பை அப்படியே செய்து காட்டுவேன். சென்ற மாதம் அவரையும் அழைத்துச் சென்றேன். முழுவதும் இருந்து பார்த்தார். வரும் வழியில், "நல்லாய்க் கதைக்கிறாய், பிள்ளை" என்றார். அன்று முதல், நான் வீட்டில் இருக்கும்போது ஆங்கில அழைப்பு எதையும் அவர் எடுப்பதில்லை. நான் என்ன செய்ய வேண்டும்?

– ஒரு மகள்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா கோபித்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு வலித்திருக்காது. அவர் பாராட்டிவிட்டுத் தன் குரலை ஒளித்துக்கொண்டார்.

புலம்பெயர்ந்த குடும்பங்களில் பெற்றோருக்காகப் பிள்ளைகள் மொழிபெயர்ப்பதை உளவியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்து வருகிறார்கள். அதில் பெருமையும் பாரமும் கலந்தே இருக்கும். மருத்துவர் சொல்வதையும் கடன் கடிதத்தில் உள்ளதையும் பெற்றோருக்கு முன்பே அறிந்துகொள்ளும் பிள்ளை, தன் வயதுக்கு மீறிய ஒன்றைச் சுமக்கிறது. நேற்றுவரை வகுப்பறையில் மற்றவர்களின் பிழைகளைத் திருத்தியவருக்கோ, தன் பேச்சே பிழையாகிப்போன நாட்டில் மகளின் பின்னால் நிற்பது இன்னும் ஆழமாக உறைத்திருக்கும்.

உங்கள் கடிதத்தை மறுபடி வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. அந்தக் கதையில் அப்பாவும் அவருடைய உச்சரிப்பும் இருக்கிறார்கள். மறுமுனையில் அவர் பேச்சைக் கேட்டவரைப் பற்றி நீங்கள் ஒரு சொல்லும் எழுதவில்லை. தொலைபேசியின் அருகே நின்றிருக்கக்கூடிய சிறுமியும் அதில் இல்லை. எனவே அரங்கிலுள்ளோர் சிரிப்பதற்கு அப்பா ஒருவர்தான் மிஞ்சுகிறார். மகளும் இப்போது மறுமுனையில் போய் நின்றுவிட்டாள் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

குடும்பத்தைப் பற்றி மேடையில் பேசுவதே தவறு என்று நான் கருதவில்லை. இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு 1978-இல் இங்கிலாந்தில் பிறந்த ரொமேஷ் ரங்கநாதன், உங்கள் அப்பாவைப் போலவே கணிதம் கற்பித்துவிட்டு நகைச்சுவைக்கு வந்தவர். பிபிசியில் 2015-இல் வந்த அவருடைய பயணத் தொடரில் தாயாரும் தோன்றி, மகனுக்குத் தன் வாயாலேயே பதில் கொடுத்தார். உங்கள் அப்பாவுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை.

மேடையை விட வேண்டாம். அந்தத் தொலைபேசிக் கதையை மட்டும் இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். அப்பா தனியாக இருக்கும் நேரத்தில் அவரிடம் தமிழில் பேசுங்கள். மன்னிப்பிலிருந்து தொடங்கினால், "அதொண்டும் இல்லை, பிள்ளை" என்று அவர் அங்கேயே முடித்துவிடுவார். ஒன்பது வயதில் உங்கள் கையில் தொலைபேசியைக் கொடுத்தபோது நீங்கள் எப்படி உணர்ந்தீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள்; அவர் அதை ஒருபோதும் கேட்டிருக்கமாட்டார். பிறகு, அந்த அழைப்புகளின்போது தன் மனதில் என்ன ஓடியது என்பதை அவர் சொல்லட்டும். முதல் நாளிலேயே சொல்லாமலும் போகலாம். அவர் சொல்வதில் எது மேடைக்குப் போகலாம் என்பதை அவரிடமே கேட்டு முடிவு செய்யுங்கள்.

வீட்டில் தொலைபேசி ஒலித்தால் முந்திக்கொண்டு எழாதீர்கள். அவர் எடுக்கட்டும், உங்களை அழைத்தால் மட்டும் அருகே செல்லுங்கள்.