ஜெய்சல்மேர் பயணத்துக்கு லென்ஸா, கண்ணாடியா?

மே மாதம் ஜெய்சல்மேர் போகிறேன், தினமும் போடும் கான்டாக்ட் லென்ஸே போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் கண்ணாடிதான். லென்ஸை இரவுச் சாப்பாட்டுக்கும் போட்டோவுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜெய்சல்மேர் இருக்கும் தார் பாலைவனத்தில் கோடையில் புழுதிப் புயல் சொல்லிக்கொண்டு வராது. பொடி மணல் லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவே புகுந்துவிட்டால், ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் உரசும். கருவிழியில் கீறல் விழலாம். போதாததற்கு அங்கே காற்றும் வறண்டது. சாஃப்ட் லென்ஸில் இருக்கும் ஈரம் குறைந்து, மதியத்துக்குள் கண் எரிய ஆரம்பிக்கும்.

நான் ஒருமுறை லென்ஸோடு சாம் மணல்மேட்டில் ஒட்டகம் ஏறினேன். பத்தே நிமிடம்! கண்ணீர் வழிய, கழற்றவும் முடியாமல் (கையெல்லாம் மணல்), ஒற்றைக் கண்ணோடுதான் இறங்கினேன்.

லென்ஸ் போட்டே ஆகவேண்டுமென்றால், ஒரு நாள் போட்டுவிட்டு எறிகிற வகையை வாங்குங்கள். மேலே பக்கவாட்டையும் மூடுகிற கூலிங் கிளாஸ் அவசியம். மணல் விழுந்தால் கண்ணைத் தேய்க்காமல், கையைச் சோப்பு போட்டுக் கழுவித் துடைத்துவிட்டுக் கழற்றுங்கள். லென்ஸைக் குழாய்த் தண்ணீரிலோ பாட்டில் தண்ணீரிலோ அலசவே அலசாதீர்கள். தண்ணீரில் இருக்கும் அகாந்தமீபா என்ற கிருமி பார்வைக்கே உலை வைக்கும்.

கண்ணாடிக்கும் ஒரு பக்குவம் உண்டு. புழுதியோடு துணியால் துடைத்தால் கோடு விழும். முதலில் தண்ணீர் ஊற்றுங்கள், அப்புறம் துடையுங்கள். லென்ஸைக் கழற்றிய பிறகும் வலியோ சிவப்போ குறையவில்லை என்றால் அன்றைக்கே கண் டாக்டரைப் பாருங்கள்.