எலுமிச்சம்பழத்தோடு வந்தவர்கள்

கேள்வி: மான்செஸ்டரைச் சேர்ந்த ‘ஸ்டோன் ரோசஸ்’ என்ற இண்டி ராக் குழு 1989-இல் வெளியிட்ட முதல் ஆல்பம், வந்த புதிதில் சுமாராகத்தான் போனதாம். இன்றைக்கு பிரிட்டனின் தலைசிறந்த ஆல்பம் என்கிறார்கள். அட்டையில் எலுமிச்சம்பழம் போட்டிருப்பதைத் தவிர அதில் எனக்கு விசேஷமாக ஒன்றும் தெரியவில்லை. அன்று கண்டுகொள்ளாத ரசிகர்கள் சரியா, இன்று தூக்கிவைத்துக் கொண்டாடுகிறவர்கள் சரியா?

– பெயர் போட வேண்டாம் என்று எழுதிய வாசகர், புதுவயல்

பதில்: எலுமிச்சம்பழத்தை இவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டீர்களே!

நம் செட்டிநாட்டுப் பக்கத்தில் பெரிய மனிதரைப் பார்க்கப் போகிறவர் வெறுங்கையோடு போகமாட்டார். மாலைக்கு வசதியில்லை என்றால் ஒரு எலுமிச்சம்பழம். புதுக் கார் வாங்கினால் சக்கரத்துக்கு ஒன்றாக நான்கு. கடை வாசலில் பச்சை மிளகாயோடு கோத்து ஒன்று. இந்தப் பத்திரிகையின் முதல் இதழ் வந்த அன்று ஏஜெண்ட் ஒருவர் என் கையிலும் ஒரு பழத்தை வைத்தார். நெகிழ்ந்துபோனேன். மறுமாதம் இதழ்கள் கட்டுப் பிரிக்காமல் திரும்பி வந்தபோதுதான், அது மரியாதைக்கும் இல்லை, திருஷ்டிக்கும் இல்லை, தலைக்குத் தேய்த்துக் குளிக்கக் கொடுத்தது என்று புரிந்தது.

ஸ்டோன் ரோசஸ் அட்டையில் இருப்பவை எலுமிச்சை வில்லைகள். குழுவின் கிதார்க்காரர் ஜான் ஸ்குவயர், அமெரிக்க ஓவியர் ஜாக்சன் பொல்லாக் பாணியில் பெயிண்டைச் சொட்டவிட்டு வரைந்த ஓவியம் அது. பாடகர் இயன் பிரவுன் பிரான்ஸில் சுற்றித் திரிந்தபோது, 1968 பாரிஸ் மாணவர் கலவரத்தில் தெருவில் நின்ற ஒருவரைச் சந்தித்தாராம். எலுமிச்சையைச் சப்பினால் கண்ணீர்ப்புகையைத் தாங்கலாம் என்று அந்த மனிதர் சொன்னது மனசில் தங்கிப் பாட்டாகவும் வந்தது, படமாகவும் வந்தது. இதை எங்கள் வீட்டு ஆச்சியிடம் சொன்னேன். “நான் மிளகாய் வறுத்தா கொல்லைப்புறம் ஓடுறீகளே, நீங்களும் ரெண்டு வாங்கி மடியில வச்சுக்கங்க” என்றார்.

சரி, வரவேற்புக்கு வருவோம். 1989 மே மாதம் வந்தபோது பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் 32-ஆம் இடம். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், திண்ணையில் உட்காரவைத்து மோர் கொடுத்தார்கள், வளவுக்குள், அதாவது உள் முற்றத்துக்கு, அழைக்கவில்லை. நவம்பரில் அவர்களுடைய வேறொரு பாட்டு முதல் பத்து இடத்துக்குள் ஏறியது, டிவியில் முகம் தெரிந்தது. அப்புறம்தான் பழைய ஆல்பத்தைத் தேடிப்போய் வாங்கினார்கள். 1990-இல் அது 19-ஆம் இடத்தைத் தொட்டது. அந்த நாள் மான்செஸ்டரில் கிதார் கேட்கிறவர்கள் ஒரு பந்தி, ராத்திரி கிளப்பில் ஆடுகிறவர்கள் வேறொரு பந்தி. ரெனி என்கிற டிரம்மர் அடித்த அடியில் இரண்டு பந்தியும் ஒன்றாக உட்கார்ந்தது. 1990 மே மாதம் இங்கிலாந்தின் ஸ்பைக் ஐலண்டில் இவர்களுடைய திறந்தவெளிக் கச்சேரிக்கு ஏறக்குறைய 27,000 பேர் கூடினார்கள். காற்று பாட்டை அடித்துக்கொண்டு போய்விட்டது, ஒழுங்காகக் காதில் விழவில்லை என்று போனவர்களே குறைப்பட்டார்கள். இன்றைக்கு அந்தக் கச்சேரியும் சரித்திரம். நம் ஊர்த் திருவிழாவில் மைக் கரகரத்தால் மட்டும் கமிட்டிக்காரரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுகிறோம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நகரத்தார் என்கிற செட்டிநாட்டுச் செட்டியார்கள் கல்யாணத்தில் ‘இசைகுடிமானம்’ என்று ஒன்று எழுதுவார்கள். பேரில்தான் இசை; அதில் மேளமும் இல்லை, பாட்டும் இல்லை. இரண்டு வீட்டாரும் இசைந்தார்கள் என்பதற்கான பத்திரம், ஒரு காலத்தில் ஓலையில் எழுதியது. இசை என்றால் சம்மதம் என்பதை மறக்காத சீமை இது. இந்த ஸ்டோன் ரோசஸ் பையன்களோ எதற்கு இசைகிறோம் என்று தெரியாமலே சில்வர்டோன் என்ற இசைத்தட்டுக் கம்பெனியின் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்கள். பிறகு கோர்ட், கேஸ். அந்த ஒப்பந்தம் செல்லாது என்று 1991-இல் தீர்ப்பு வந்தது. இரண்டாவது ஆல்பம் வந்தது 1994 டிசம்பரில். ஐந்தரை வருஷம்! பர்மாவுக்குக் கொண்டுவிற்க, அதாவது தொழிலுக்குப் போன, கடை உதவியாளான ஒரு அடுத்தாளிடம் அந்தக் காகிதத்தைக் காட்டியிருந்தால், காபி ஆறுவதற்குள் ஓட்டை எங்கே என்று சொல்லியிருப்பார்.

அதற்கு முன்னால் வேறொரு கம்பெனி இவர்களுடைய பழைய பாட்டு ஒன்றை, கேட்காமலே ஒரு வீடியோவைச் சேர்த்து மறுபடி வெளியிட்டது. 1990 ஜனவரியில் நேரே அந்த ஆபீசுக்குப் போய்ப் பெயிண்டைக் கொட்டிவிட்டு வந்தார்கள். ஆளுக்கு 3,000 பவுண்டு அபராதம். செய்தது தப்புதான், அபராதமும் நியாயம்தான். ஆனால் முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசி, தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்கிய சுவர் நம்முடையது; சித்திரை வெயிலில் கன்னத்தை வைத்தால் குளுகுளுவென்று இருக்கும். அதன்மேல் ரோஸ் கலர் எமல்ஷன் அடிக்கிறவர்களுக்கு ஒரு ரூபாய் அபராதம் உண்டா? இதை முன்பே ஒருமுறை எழுதினேன். ஒரு பெயிண்ட் கடைக்காரர் விளம்பரத்தை நிறுத்திக்கொண்டார். இன்றுவரை கோவில் வாசலில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். நானும்தான்.

யார் சரி என்றுதானே கேட்டீர்கள்? 2004-இல் அப்சர்வர் பத்திரிகை எடுத்த சிறந்த பிரிட்டிஷ் ஆல்பங்களின் பட்டியலில் இதற்கு முதலிடம். அதைப் படித்துவிட்டுக் கேட்கிறவர் காதில் பாட்டுக்கு முன்னால் அந்த முதலிடம்தான் ஒலிக்கும். 32-ஆம் இடத்தில் வைத்தவர்கள் பட்டியல் பார்க்காமல் தங்கள் காதை நம்பினார்கள். அவர்கள் கணிப்பு தப்பாகவே இருக்கட்டும், நான் அவர்கள் கட்சி. நீங்கள் எந்தக் கட்சி என்றுதான் தெரியவில்லை. கேள்வியில் அட்டை இருக்கிறது, ஒரு பாட்டுக்கூட இல்லை. ஆல்பத்தைக் கேட்டீர்களா ஐயா?

என்னிடம் கேசட் இருக்கிறது, சிங்கப்பூர் மச்சான் கொண்டுவந்து கொடுத்தது. கடைசிப் பாட்டு மட்டும் எட்டு நிமிஷம் ஓடும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வாருங்கள், கேட்போம். வரும்போது எலுமிச்சம்பழம் கொண்டுவருவதாக இருந்தால் ஒன்று போதாது. ஆச்சி ஊறுகாய் போடுகிறார், ஐம்பதாவது வேண்டுமாம்.