கணினிக் கேள்வி பதில்: தரவிறக்கியும் நிறுவ முடியவில்லையா?

கேள்வி: இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸில் தமிழ் எழுத்துப்பிழை திருத்தும் நீட்சியொன்றை நண்பர்களுடன் உருவாக்கி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்த மூலமாக (நிரலை எவரும் பார்க்கவும் பயன்படுத்தவும் கூடியதாக) வெளியிட்டோம். தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் பலர் தரவிறக்கிய பின்னரும் நிறுவ முடியவில்லை என்கிறார்கள். என்ன செய்யலாம்?
வாசகர், மஸ்கெலியா

பதில்: அவர்கள் வேறு கோப்பை எடுத்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஒவ்வொரு வெளியீட்டின் கீழும் மூல நிரலை ஸிப் வடிவில் கிட்ஹப் தானாகவே சேர்த்துவிடுகிறது. ஸிப் பழகிய பெயர் என்பதால் ஆசிரியர்கள் அதையே சொடுக்குவார்கள். விரித்தால் நிரல்கள் இருக்குமே தவிர, நிறுவுவதற்குரிய ஓ.எக்ஸ்.டி. கோப்பு இருக்காது. நிரலாளருக்கென அமைந்த அந்த வெளியீட்டுப் பட்டியலுக்குப் பயனரை அனுப்புவதே தவறு என்பது என் கருத்து. கோப்புக்கான நேரடி இணைப்பையே கொடுங்கள். உங்கள் திட்டத்தின் முகவரியை அடுத்து ரிலீசஸ், லேட்டஸ்ட், டவுன்லோட் என்ற ஆங்கிலச் சொற்களைச் சாய்கோடிட்டு அதே வரிசையில் எழுதி, இறுதியில் கோப்பின் பெயரை இட்டால், எப்போதும் ஆகப் புதிய பதிப்பே இறங்கும். ஆனால் கோப்பின் பெயர் வெளியீட்டுக்கு வெளியீடு மாறக் கூடாது. ஆகவே பதிப்பெண்ணைப் பெயரில் சேர்க்காமல், நீட்சிக்குள் உள்ள விவரக் கோப்பில் மட்டும் குறியுங்கள். லிப்ரே ஆபிஸின் நீட்சித் தளத்திலும் பதிவேற்றுவது நல்லது.

நீட்சியை நிறுவும் வேளையில் சொற்பட்டியலை வேறொரு வழங்கியிலிருந்து (சர்வர்) எடுக்கும்படி எழுதியிருந்தால், அதை அதன் உரிமக் கோப்போடு நீட்சிக்குள்ளேயே வைத்துவிடுங்கள். 2016 மார்ச்சில் லெஃப்ட்பேட் என்னும் 11 வரிக் கூறொன்றை அதை எழுதியவர் நிரலாளர்கள் நிரற்கூறுகளைப் பகிரும் என்.பி.எம். களஞ்சியத்திலிருந்து நீக்கியபோது, அதைச் சார்ந்திருந்த பேபல் என்னும் நிரல் மாற்றும் கருவி போன்ற பெரிய திட்டங்களையே நிறுவ முடியாமற் போனது. அடைமழையில் சிக்னல் விட்டுவிட்டு வரும் நம் மலைப்பகுதியில், வெளிவழங்கி ஒழுங்காக இயங்கினாலும் இடையில் இணைப்பு அறுந்து நிறுவல் பாதியில் நின்றுவிடக் கூடும்.

கேள்வி: இணையமில்லாத பாடசாலைகளுக்குத் திறந்த மூல மென்பொருளைப் பென்டிரைவில் பிரதி எடுத்துக் கொடுக்கலாமா?
வாசகர், பொகவந்தலாவை

பதில்: தாராளமாகக் கொடுக்கலாம், மறுவிநியோக உரிமை எல்லாத் திறந்த மூல உரிமங்களிலும் உண்டு. உரிமக் கோப்பை நீக்காதீர்கள், மூல நிரலும் கிடைக்க வேண்டும் எனக் கோரும் ஜி.பி.எல். உரிமமாயின், மூல நிரலையும் அதே பென்டிரைவில் வைத்துவிடுவது எளிது. லிப்ரே ஆபிஸைக் கொடுப்பதானால், இணையமின்றிப் பார்க்கும் உதவிக் கோப்பு தனியாகவே வழங்கப்படுவதால் அதையும் மறவாமல் எடுங்கள். கொடுக்குமுன், கோப்பு மாறவோ சிதையவோ இல்லை என்று உறுதிசெய்ய, தரவிறக்கப் பக்கத்தில் உள்ள 64 எழுத்து எஸ்.எச்.ஏ.-256 குறியீட்டை, விண்டோஸில் ஏற்கெனவே இருக்கும் செர்ட்யூட்டில் கட்டளை தரும் குறியீட்டோடு ஒப்பிடுங்கள். பாடசாலைதோறும் இதைச் செய்யத் தேவையில்லை. முதற்பிரதி எடுப்பவர் பார்த்தாற் போதும்.