பூவும் சர்க்கரைத் தண்ணீரும்: ஹம்மிங்பேர்ட் கேள்வி–பதில்

தோட்டப் பகுதிக்கு இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஹம்மிங்பேர்ட் பற்றியவை. தமிழில் ரீங்காரச்சிட்டு, ஓசனிச்சிட்டு என்ற பெயர்கள் உண்டு. எழுதியவர்கள் எல்லாரும் ஹம்மிங்பேர்ட் என்றே குறிப்பிட்டிருப்பதால் இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

ஹம்மிங்பேர்டுக்குக் கொடுக்கக் கடையில் விற்கும் சிவப்புத் திரவம் வாங்கலாமா, வீட்டிலேயே கலக்கலாமா? வெள்ளைச் சர்க்கரை உடம்புக்குக் கெடுதல் என்கிறோம். பறவைக்கு மட்டும் அதைக் கொடுப்பானேன்? வெல்லமோ தேனோ போட்டால் என்ன?
– வாசகி, எடிசன், நியூ ஜெர்சி

வீட்டிலேயே கலக்குங்கள். ஒரு கப் வெள்ளைச் சர்க்கரைக்கு நாலு கப் தண்ணீர். இரண்டையும் ஒரே கப்பால் அளந்தால் போதும். பூக்களில் ஊறும் தேனின் இனிப்புக்கு இது கிட்டத்தட்ட ஒத்துவரும். முதல் தடவைக்குக் கால் கப் சர்க்கரையும் ஒரு கப் தண்ணீருமே தாராளம். வெந்நீரில் கரைத்து, நன்றாக ஆறிய பிறகு ஊற்றுங்கள். மிச்சத்தை ஃபிரிட்ஜில் வைக்கப்போகிறீர்கள் என்றால் ஒரு நிமிடம் கொதிக்கவிட்டு ஆறவைத்தால் ஒரு வாரம் தாங்கும்.

வெல்லம், நாட்டுச்சர்க்கரை, பழுப்புச் சர்க்கரை மூன்றும் வேண்டாம். நாம் நல்லது என்று நினைக்கிற இரும்புச்சத்துதான் இங்கே எதிரி. பூந்தேனில் இரும்பு மிகமிகக் குறைவு. அதையே குடித்துப் பழகிய உடம்பில் கூடுதல் இரும்பு சேர்ந்தால் தீங்கு. தேனைத் தண்ணீரில் கரைத்தால் சீக்கிரமே புளித்துப் பூஞ்சை பிடிக்கும். கலோரி இல்லாத இனிப்புகளை நினைக்கவே வேண்டாம். வயிறு நிறைந்தபடியே பறவை பட்டினி கிடக்கும்.

சிவப்புச் சாயத்தால் பறவைக்கு ஒரு பயனும் இல்லை. சர்க்கரைத் தண்ணீர் ஊற்றி மாட்டுகிற ஃபீடரின் மூடியோ பூ வடிவத் துளையோ சிவப்பாக இருந்தால் பறவை கண்டுபிடித்துவிடும்.

ஜூன் மாதம் பெரிய ஃபீடர் வாங்கி, கழுத்துவரை நிரப்பி மாட்டினேன். நாலு நாள் பறவை வந்தது. பிறகு எட்டிப்பார்க்கவில்லை. மூன்று வாரம் ஆகிறது, தண்ணீர் இன்னும் பாதி இருக்கிறது. என்ன தவறு?
– வாசகர், டல்லஸ், டெக்சஸ்

மூன்று வாரமாக இருக்கும் அந்தப் பாதித் தண்ணீர்தான் தவறு. டல்லஸ் வெயிலில் சர்க்கரைத் தண்ணீர் இரண்டு நாளில் புளித்துவிடும். ஃபீடரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பாருங்கள். தண்ணீர் கலங்கலாகவோ நூல் நூலாக ஏதோ மிதந்துகொண்டோ இருந்தால் கெட்டுவிட்டது என்று அர்த்தம். மூடியைத் திறந்து துளைகளின் உட்பக்கத்தையும் பாருங்கள், கருப்புப் புள்ளிகள் இருக்கும். அது பூஞ்சை. ஒருமுறை வாய்வைத்துப் பார்த்த பறவை திரும்பி வருவதில்லை.

வெயில் 90 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் தினமும் மாற்றுங்கள். 80களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை. 70களில் நாலு நாள் போகலாம். தண்ணீர் குறைந்திருக்கிறதா என்று பார்த்து முடிவு செய்யாதீர்கள், நாள்கணக்கே கணக்கு. பழையதன்மேல் புதிதை ஊற்றவும் கூடாது. மோர் உறை ஊற்றியதுபோல் புதிதும் உடனே புளிக்கத் தொடங்கும்.

மாற்றும்போது எல்லா பாகங்களையும் கழற்றி, வெந்நீரும் பாட்டில் பிரஷ்ஷும் கொண்டு தேய்த்துக் கழுவுங்கள். துளைகளுக்குள் போக மெல்லிய பிரஷ் ஒன்று தனியாக வேண்டும், பெரும்பாலானவர்கள் விட்டுவிடுவது அந்த இடத்தைத்தான். கறை போகவில்லை என்றால் வினிகர் கலந்த தண்ணீரில் ஒரு மணி நேரம் ஊறட்டும். கரும்பூஞ்சையே பிடித்துவிட்டால் ஒரு கேலன் தண்ணீருக்குக் கால் கப் ப்ளீச் கலந்து ஒரு மணி நேரம் ஊறவைத்து, பலமுறை அலசி, காயவைத்துவிட்டு நிரப்புங்கள். ப்ளீச்சையும் வினிகரையும் ஒருபோதும் சேர்க்காதீர்கள். அதிலிருந்து வரும் குளோரின் வாயு நுரையீரலைப் பதம்பார்க்கும்.

ஃபீடரின் வடிவமும் கவனிக்க வேண்டியதுதான். கவிழ்த்த பாட்டில் வகையில், மேலே தங்கியிருக்கும் காற்று வெயிலில் விரிந்து தண்ணீரைத் துளை வழியே வெளியே தள்ளும். பாதி காலியாக இருக்கும்போதுதான் ஒழுகல் அதிகம், உள்ளே காற்று அவ்வளவு இருக்கிறது. தட்டு வடிவ ஃபீடரில் துளைகள் மேலே இருப்பதால் ஒழுகாது, இரண்டே நிமிடத்தில் கழுவியும் விடலாம். புதிதாக வாங்குபவர்களுக்கு எங்கள் பரிந்துரை எப்போதும் சின்னத் தட்டு ஃபீடர்தான். காலை வெயிலும் மதிய நிழலும் விழும் இடத்தில் மாட்டுங்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் என்றால் மூன்றடிக்குள் இருக்கட்டும், அல்லது முப்பதடி தள்ளிப் போகட்டும். இடைப்பட்ட தூரத்தில் இருந்து வேகமெடுத்துப் பறந்து கண்ணாடியில் மோதும்போதுதான் உயிர் போகிறது.

எறும்பு, குளவி இரண்டும் ஃபீடரை மொய்க்கின்றன. கம்பியில் எண்ணெய் தடவலாமா?
– வாசகி, சார்லட், நார்த் கரோலினா

எண்ணெய், கிரீஸ், வாசலின் எதுவும் தடவாதீர்கள். இறகில் ஒட்டினால் பறவையால் கோதி எடுக்க முடியாது. ஊறுகாய் ஜாடியைத் தண்ணீர்த் தட்டில் வைப்போமே, அதே யுக்திதான் எறும்புக்கு. கொக்கிக்கும் ஃபீடருக்கும் நடுவில் மாட்டுகிற சின்னக் கிண்ணம் கடைகளில் கிடைக்கும், அதில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

குளவிக்கும் தேனீக்கும் மஞ்சள் நிறம் பிடிக்கும். உங்கள் ஃபீடரில் மஞ்சள் பூ அலங்காரம் இருந்தால் கழற்றிவிடுங்கள். தட்டு ஃபீடரில் தண்ணீர் மட்டம் துளைக்குக் கீழே இருப்பதால் ஹம்மிங்பேர்டின் நீண்ட நாக்குக்கு எட்டும், குளவிக்கு எட்டாது. அப்படியும் வந்தால் ஃபீடரை நாலைந்து அடி தள்ளி மாட்டிப் பாருங்கள்.

ஒரே ஒரு ஆண் பறவை ஃபீடரைக் காவல் காத்து மற்றதையெல்லாம் விரட்டுகிறது. பாவமாக இருக்கிறது.
– வாசகர், அட்லாண்டா, ஜார்ஜியா

அதன் இயல்பு அது. தேனூறும் பூங்கொத்தை விட்டுக்கொடுத்தால் காட்டில் பிழைக்க முடியாது. இரண்டாவது ஃபீடரை வீட்டின் மறுபக்கம், முதல் ஃபீடரிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் மாட்டுங்கள். இரண்டையும் ஒரே நேரத்தில் காவல் காக்க அதனால் முடியாது.

ஃபீடரே வேண்டாம், செடி மட்டும் வைத்து வரவழைக்க முடியுமா? எங்களுக்குச் சின்ன முற்றம்தான்.
– வாசகி, சிகாகோ புறநகர், இல்லினாய்

முடியும். இருப்பதிலேயே நல்ல வழி அது. கழுவ மறந்த ஃபீடரைவிட ஒரு தொட்டிச் செடி எவ்வளவோ மேல்.

மே முதல் செப்டம்பர் வரை ஏதாவது ஒன்று பூத்துக்கொண்டே இருக்கும்படி செடிகளைத் தேர்ந்தெடுப்பதுதான் சூட்சுமம். பறவை வந்திறங்கும் நேரத்தில் சிவப்பும் மஞ்சளுமாகத் தலைகீழாகத் தொங்கிப் பூப்பது காட்டுக் கொலம்பைன். அரை நிழலிலும் வரும். பிறகு கோரல் ஹனிசக்கிள் கொடி, வேலியில் ஏற்றிவிடலாம். வாங்கும்போது ஜப்பானிய ஹனிசக்கிளைத் தவிர்த்துவிடுங்கள், அது பக்கத்துக் காட்டையெல்லாம் மூடிவிடும். ஜூலையில் சிவப்பு பீ பாம். ஆகஸ்டில் கார்டினல் ஃபிளவர், இதற்கு மண் ஈரம் காயவே கூடாது. ஆகஸ்ட், செப்டம்பரில் ஜூவல்வீட். நம்மூர் காசித்தும்பையின் உறவு அது. முற்றிய காயைத் தொட்டால் அதேபோல் வெடிக்கும். ஓரமாக ஈரமான இடம் இருந்தால் அதற்கு விட்டுவிடுங்கள், வலசைக் காலத்தில் பறவைகள் அதைத் தேடி வரும். ட்ரம்பெட் வைன் அருமையான பூதான், ஆனால் சின்ன முற்றத்துக்கு ஆகாது. வேர் சுவர்ப்பக்கமெல்லாம் ஓடி முளைக்கும்.

அடுக்கிதழ்ச் செம்பருத்தியோ அடுக்குப் பெட்டூனியாவோ வைத்துவிட்டுக் காத்திருக்காதீர்கள். கண்ணுக்கு அழகாக இருந்தாலும் தேன் குறைவு, அலகு நுழையவும் வழி இருக்காது.

இன்னொன்று, பலரும் நினைத்துப் பார்க்காதது. ஹம்மிங்பேர்ட் தேனால் மட்டும் வாழ்வதில்லை. சிறு பூச்சிகள், சிலந்திகள்தான் அதற்குப் புரதம், குஞ்சுகளை வளர்ப்பதும் அவற்றைக் கொண்டுதான். கூடு கட்டுவதற்கும் சிலந்தி இழை வேண்டும். பாதி வால்நட் ஓட்டளவு இருக்கும் அந்தக் கூட்டைக் கிளையோடு பிணைப்பதும், குஞ்சுகள் வளர வளரக் கிழியாமல் விரிந்துகொடுப்பதும் அந்த இழைதான். அதனால் தோட்டத்தில் பூச்சிமருந்து அடிக்காதீர்கள், சிலந்தி வலையைத் துடைத்தெடுக்காதீர்கள். நர்சரியில் செடி வாங்கும்போது நியோநிக்கோட்டினாய்ட் மருந்து போட்டு வளர்த்ததா என்று கேளுங்கள். அந்த மருந்து செடிக்குள்ளேயே ஓடித் தேனிலும் கலந்துவிடும்.

எங்கள் தோட்டத்துச் செம்பருத்தியில் மினுமினுக்கும் ஒரு குட்டிப் பறவை தேன் குடிக்கிறது. இது ஹம்மிங்பேர்ட்தானே?
– வாசகர், கோயம்புத்தூர்

இல்லை, அது தேன்சிட்டு. ஹம்மிங்பேர்டில் 360 இனங்கள் போல உண்டு, இன்று அவை வாழ்வது அமெரிக்கக் கண்டங்களில் மட்டுமே. தேன்சிட்டு சில நொடிகள் பறந்தபடி நின்றாலும் பெரும்பாலும் காம்பில் உட்கார்ந்துதான் குடிக்கும்.

எப்போது ஃபீடர் மாட்டுவது, எப்போது எடுப்பது? செப்டம்பரிலும் மாட்டி வைத்தால் பறவை தெற்கே போகாமல் தங்கிக் குளிரில் செத்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் எச்சரிக்கிறார்.
– வாசகி, ஆன் ஆர்பர், மிச்சிகன்

பக்கத்து வீட்டுக்காரர் அக்கறையில்தான் சொல்கிறார், ஆனால் அது சரியல்ல. கிளம்பும் நேரத்தைச் சொல்வது பகலின் நீளம். பகல் குறையக் குறைய உடம்பில் மாற்றம் தொடங்கி, பறவை கொழுப்பு சேர்த்துக் கிளம்பிவிடும். ஃபீடரில் நீங்கள் ஊற்றுவது அந்தப் பயணத்துக்கு எரிபொருள்.

உங்கள் பகுதிக்கு வருவது ரூபி த்ரோட்டட் எனப்படும் செந்தொண்டை இனம். கிழக்கு அமெரிக்காவில் கூடு கட்டுவது இது ஒன்றுதான். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு, மார்ச் தொடக்கத்தில் அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாக் கரையில் இறங்கும். ஏப்ரல் தொடக்கத்தில் கரோலினா, ஏப்ரல் கடைசியில் நியூ ஜெர்சி, மே முதல் வாரத்தில் மிச்சிகன், மாசசூசெட்ஸ். எனவே நீங்கள் ஏப்ரல் 25 வாக்கில் மாட்டிவிடுங்கள். முதலில் வருவது ஆண்கள். அப்போது பூக்கள் போதுமான அளவு மலர்ந்திருக்காது. சாப்சக்கர் மரங்கொத்தி துளைத்த மரங்களில் வடியும் சாற்றைக் குடித்துச் சமாளிக்கும்.

திரும்பும் பயணம் நாம் நினைப்பதைவிட முன்னதாகவே தொடங்கிவிடுகிறது. ஜூலை கடைசியிலேயே வளர்ந்த ஆண்கள் நகரத் தொடங்கும். பிறகு பெண்கள், கடைசியில் அந்த வருடத்துக் குஞ்சுகள். செப்டம்பரில் உங்கள் ஃபீடரில் தொண்டை வெளுத்த பறவைகளாகவே தெரிந்தால் ஆண்கள் எங்கே என்று தேடாதீர்கள், அவை போய்விட்டன. வெளுத்த தொண்டையில் ஒன்றிரண்டு சிவப்பு இறகு மட்டும் பொட்டு வைத்ததுபோல் இருந்தால் அது இளம் ஆண். அது வழி காட்ட யாருமில்லாமல் தன்னந்தனியாகப் போகப்போகிறது.

சாதாரண நாளில் இதன் எடை 3 கிராம், ஒரு பென்னி நாணயத்தைவிடச் சற்றே கூடுதல். கடல் தாண்டும் முன் அது ஏறக்குறைய இரட்டிப்பாகும். பல பறவைகள் மெக்சிகோ வளைகுடாவின் 800 கிலோமீட்டரை ஒரே மூச்சில், ஏறத்தாழ 20 மணி நேரத்தில் கடக்கின்றன. மற்றவை கரையோரமாகச் சுற்றிப் போகும். செப்டம்பர் நடுவில் டெக்சஸ் கடற்கரையில் ராக்போர்ட் போனால் கடலுக்கு முன் கொழுக்க வந்த கூட்டத்தைப் பார்க்கலாம். கழுத்தே தெரியாமல், வயிறு உருண்டு, வால்பக்கம்வரை தடித்திருக்கும்.

கடைசிப் பறவையைப் பார்த்து இரண்டு வாரம் கழித்து ஃபீடரை எடுங்கள். கனடாவிலிருந்து தாமதமாக வரும் ஒன்றிரண்டுக்கு அது உதவும். வசந்தத்தில் முதல் பறவையைப் பார்த்த தேதியை ஜர்னி நார்த் இணையதளத்தில் பதியுங்கள். வலசை வடக்கே நகர்வதை அங்குள்ள வரைபடத்தில் நாள்தோறும் பார்க்கலாம்.

கராஜுக்குள் நுழைந்த பறவை கூரையை முட்டிக்கொண்டே இருந்தது. கதவு திறந்திருந்தும் வெளியேறவில்லை. ஏன்?
– வாசகர், நாஷ்வில், டென்னசி

கராஜ் கதவை அவசரத்துக்குத் திறக்கும் கைப்பிடி சிவப்பாகத் தொங்குகிறது பாருங்கள், அதைப் பூ என்று நினைத்துத்தான் உள்ளே வந்திருக்கும். மாட்டிக்கொண்டால் மேலே பறப்பதுதான் அதன் சுபாவம், தாழ இறங்கி வாசலைத் தேடத் தெரியாது. விளக்கை அணையுங்கள், கதவை முழுதும் திறங்கள், வாசலில் வெளிச்சம் படும் இடத்தில் ஃபீடரை மாட்டிவிட்டு விலகி நில்லுங்கள். பிறகு அந்தக் கைப்பிடியில் கருப்பு டேப் சுற்றிவிடுங்கள்.

ஜனவரியிலும் பறவை வருகிறது. காலையில் ஃபீடர் உறைந்து கிடக்கிறது. ஒருநாள் பறவை கிளையில் அசையாமல் இருந்தது, செத்துவிட்டதோ என்று பயந்துவிட்டோம்.
– வாசகி, சியாட்டில், வாஷிங்டன்

அது அன்னாஸ் ஹம்மிங்பேர்ட். பசிபிக் கரையில் வருடம் முழுவதும் இருக்கும் இனம். குளிர் இரவுகளில் இதயத் துடிப்பையும் உடல் வெப்பத்தையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டு உறைந்ததுபோல் கிடக்கும். காலையில் தானே சூடேறி எழ 20 நிமிடம்போல ஆகும், தொடாதீர்கள். சில நேரம் தலைகீழாகத் தொங்கும், அதற்கும் பதற வேண்டாம்.

ஒன்றுக்கு நாலு கலவை சுமார் 27 டிகிரி ஃபாரன்ஹீட்டில் உறையத் தொடங்கும். இரவு ஃபீடரை உள்ளே எடுத்துவைத்து, விடிவதற்கு முன்பே வெளியே மாட்டுங்கள். சூரியன் வரட்டும் என்று காத்திருந்தால் தாமதம், எழுந்ததும் அதற்குப் பசி. பகலிலும் உறைந்தால் இரண்டு ஃபீடர்களை மாற்றி மாற்றி வையுங்கள்.

டிசம்பரில் செங்கல் நிறத்தில் ஒரு ஹம்மிங்பேர்ட் வந்தது. வழி தவறியதா?
– வாசகர், ஹூஸ்டன், டெக்சஸ்

ரூஃபஸ் இனமாக இருக்கலாம். அலாஸ்காவரை போய்க் கூடு கட்டுவது இது. பெரும்பாலானவை மெக்சிகோவில் குளிர்காலத்தைக் கழித்தாலும், சில வளைகுடாக் கரை மாநிலங்களுக்கு வருகின்றன. 2010 ஜனவரியில் ஃபுளோரிடாவின் டலஹாசியில் காலில் வளையமிட்டு விட்ட ஒரு பறவை அதே வருடம் ஜூனில் அலாஸ்காவில் மீண்டும் பிடிபட்டது. இடையில் 3,500 மைலுக்கு மேல்.

ஆலன்ஸ் என்ற இனமும் கிட்டத்தட்ட இதே தோற்றம். பிரித்தறிய, வாலை விரிக்கும் கணத்தில் படமெடுங்கள். நடுவிலிருந்து இரண்டாவது வால் இறகின் நுனியில் சின்ன வெட்டு இருந்தால் ரூஃபஸ். படத்தைப் பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள், ஃபீடரை மார்ச் வரை எடுக்காதீர்கள்.