205 புகார்கள் சேரும் வரை

கேள்வி: சாலை விபத்தில் கணவரை இழந்த என் உறவினருக்கு வந்த இழப்பீட்டில் பெரும்பகுதியை அவருடைய வக்கீலே வைத்துக்கொண்டு, கேட்டால் நாள் கடத்துகிறார். அமெரிக்காவில் கட்சிக்காரர் பணத்தில் கை வைத்தால் வக்கீலின் உரிமம் உடனே பறிபோய்விடுமாமே? அந்தச் சட்டத்தை இங்கும் கொண்டுவந்தால் என்ன?
(ஒரு வாசகர், கும்பகோணம்)

பதில்: உடனே பறிபோய்விடும் என்று உங்களிடம் சொன்னவர், லாஸ் ஏஞ்சல்ஸ் வழக்கறிஞர் தாமஸ் ஜிரார்டியின் கதையைச் சொல்லாமல் விட்டுவிட்டார். ஹிங்க்லி என்ற சிற்றூரின் நிலத்தடி நீரைக் கெடுத்த மின் நிறுவனத்திடமிருந்து 1996-இல் 33.3 கோடி டாலர் பெற்றுத் தந்த வழக்கறிஞர்களில் ஒருவர் என்பதால், ஏழைகளின் வக்கீல் என்றே அவருக்குப் பெயர். 2018 அக்டோபர் 29 அன்று ஜாவா கடலில் விழுந்து 189 பேரைப் பலிகொண்ட லயன் ஏர் விமானத்தில் உறவுகளைப் பறிகொடுத்த இந்தோனேசியக் குடும்பங்கள் சிலவும் அவரை நம்பித்தான் வழக்கை ஒப்படைத்தன. விமானத்தைத் தயாரித்த போயிங் நிறுவனம் இழப்பீட்டுத் தொகையைக் கொடுத்த பிறகும், அதில் 20 லட்சம் டாலருக்கு மேல் அந்த விதவைகளுக்கும் பிள்ளைகளுக்கும் போய்ச் சேரவில்லை. 2020 டிசம்பரில் சிகாகோ கூட்டாட்சி நீதிபதி ஒருவர் அவருடைய சொத்துகளை முடக்கியபோதுதான் விஷயம் ஊருக்குத் தெரிந்தது.

இத்தனைக்கும் நீங்கள் கேட்கும் சட்டம் கலிஃபோர்னியாவில் அப்போதும் இருந்தது. கட்சிக்காரர் பணத்தை அவருக்காகப் பொறுப்பில் வைத்திருக்கும் தனி வங்கிக் கணக்கில், அதாவது அறக்கட்டளைக் கணக்கில்தான் போட வேண்டும். வக்கீல் தம் சொந்தப் பணத்தோடு அதைக் கலக்கக் கூடாது. அந்தக் கணக்கில் சேரும் வட்டிகூட அவருக்குச் சொந்தமில்லை. ஜிரார்டி அந்தக் கணக்கையே தம் கைப்பெட்டியாக வைத்துக்கொண்டு, வரி விவகாரம் முடியவில்லை, நீதிபதியின் ஒப்புதல் வரவில்லை என்று ஒவ்வொருவரிடமும் ஒரு காரணம் சொல்லி, மிகவும் நெருக்கியவருக்கு அடுத்தவரின் பணத்திலிருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுத்து வாயை அடைத்து வந்தார். உங்கள் உறவினர் கேட்கும் சமாதானங்களும் ஏறக்குறைய இவையாகத்தான் இருக்கும்.

சுமார் 40 ஆண்டுகளில் அவர் மீது 205 புகார்கள் வந்திருந்தன என்று வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் மாநில பார் அமைப்பே 2022-இல் ஒப்புக்கொண்டது. ஆனால் 2021 வரை அவர் மீது வெளிப்படையான ஒழுங்கு நடவடிக்கை ஒன்றுகூட இல்லை. அந்த அமைப்பின் உள்ளேயே அவருக்கு வேண்டியவர்கள் இருந்தார்கள் என்பதும், விருந்தும் பரிசும் தாராளமாகப் போய்ச் சேர்ந்தன என்பதும் பின்னர் நடந்த விசாரணையில் வெளிவந்தன. 2022-இல் உரிமம் போயிற்று. 2024-இல் மோசடிக் குற்றம் உறுதியாயிற்று. 2025 ஜூனில், 86 வயதில், ஏழேகால் ஆண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது. அதற்குள் பணம் செலவாகிவிட்டது.

இந்த அவமானத்துக்குப் பிறகு 2023-இல் அங்கே செய்த திருத்தங்கள்தாம் நாம் பார்த்துப் பழக வேண்டியவை. பணம் வந்த 14 நாளுக்குள் கட்சிக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும். தகராறு இல்லாத தொகையை 45 நாளுக்குள் கொடுக்காவிட்டால், கொடுக்காததற்கான நியாயத்தை வக்கீல்தான் நிரூபிக்க வேண்டும். அறக்கட்டளைக் கணக்குகளை ஆண்டுதோறும் பார் அமைப்பில் பதிவு செய்ய வேண்டும். ஏமாந்த கட்சிக்காரருக்கு ஒரு லட்சம் டாலர் வரை ஈடு செய்ய, வக்கீல்களின் கட்டணத்திலிருந்தே ஒரு நிதியும் அங்கே உண்டு. நம் ஊரில் அப்படியொன்றைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

இங்கே சட்டமே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு எழுத வேண்டும், தொகை வந்தவுடன் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும், கேட்டால் கணக்கின் நகலைத் தர வேண்டும் என்று இந்திய பார் கவுன்சிலின் விதிகள் சொல்கின்றன. தனி வங்கிக் கணக்கைத்தான் அவை கட்டாயமாக்கவில்லை. 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்படி தவறு செய்த வக்கீலை பார் கவுன்சில் கண்டிக்கலாம், தொழில் செய்யத் தற்காலிகத் தடை விதிக்கலாம், பட்டியலிலிருந்து பெயரையே நீக்கலாம். உத்தரப் பிரதேசத்தில் நில எடுப்பு இழப்பீடாக ஒரு கிராமத்து முதியவருக்கு வந்த 8,118 ரூபாயை எடுத்துக்கொண்டு, சமரசம் ஆகிவிட்டதாகப் பொய்ப் பிரமாணப் பத்திரமும் தாக்கல் செய்த வக்கீலுக்கு பார் கவுன்சில் மூன்றாண்டுத் தடையோடு நிறுத்திக்கொண்டது. அது போதாது என்று 2002-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி கே.டி. தாமஸ் அமர்வு அவர் பெயரைப் பட்டியலிலிருந்தே நீக்கியது. பணம் கையாடப்பட்டது 1987-இல். விதி இருந்தும் இழுத்தடிப்புக்குப் பதினைந்து ஆண்டுகள் கிடைத்தன என்றால், அமெரிக்கச் சட்டத்தை இறக்குமதி செய்து என்ன ஆகப் போகிறது? சக வக்கீல்களே சக வக்கீலை விசாரிக்கும் குழுவில் வெளியார் அமர்ந்து கணக்கைப் பார்க்காத வரை, எந்த ஊர்ச் சட்டமும் புகார்க் கோப்பைத்தான் பெருக்கும்.

உங்கள் உறவினர் முதலில் பணத்தின் கணக்கை எழுத்து மூலம் கேட்டுப் பதிவுத் தபாலில் அனுப்பட்டும். இழப்பீட்டை வழங்கிய தீர்ப்பாயத்திலிருந்து எந்தத் தேதியில், யார் பெயரில் தொகை போயிற்று என்பதற்குச் சான்று நகல் வாங்கட்டும். அவர் கையெழுத்திட்ட வக்காலத்தில் தொகையைப் பெற்றுக்கொள்ளவும் வக்கீலுக்கு அதிகாரம் என்ற வரி அச்சடித்தே இருந்திருக்கும். பெறுவதற்குத்தான் அது அதிகாரம், வைத்துக்கொள்வதற்கு ஆகாது. பிறகு அந்தத் தாள்களோடு தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். ஓராண்டுக்குள் அது முடிவடையாவிட்டால் இந்திய பார் கவுன்சிலுக்கு மாற வேண்டும் என்பது அதே வழக்கறிஞர்கள் சட்டத்தின் 36பி பிரிவு. நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். வக்கீல் தொழிலில் குறைபாடு என்று அங்கே வழக்குப் போட முடியாது என 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. ஆனால் நம்பிக்கை மோசடி என்று காவல் நிலையத்தில் புகார் தருவதற்கு பார் கவுன்சில் விசாரணை முடியக் காத்திருக்கத் தேவையில்லை.