குடிநீர் ஏற்றும் கரண்ட் செலவு: கேள்வி பதில்

குடிநீர்ப் பம்ப் ஹவுஸ்களிலேயே பாதி ஆயுளைக் கழித்தவன் நான். கொங்குப் பக்கத்து ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்த பதில்கள் இவை.

கோபி, ஊராட்சி உறுப்பினர்: பில் ஏறிக்கொண்டே போகிறதுங்க. எங்கே ஆரம்பிப்பது?

தொகையை விடுங்கள். ஆயிரம் லிட்டருக்கு எத்தனை யூனிட் ஆகிறது என்று பாருங்கள். ஏற்றும் உயரமும், குழாய் உராய்வை உயரமாகக் கணக்கிட்டதும் சேர்ந்து 100 மீட்டர் என்றால், ஒன்றும் வீணாகாமல் ஏற்ற 0.27 யூனிட் போதும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 60 சதவீதத் திறனில் ஓடினால் 0.45 ஆகும். 0.7 வந்தால் பம்பைக் கழற்றிப் பார்க்கும் வேளை வந்துவிட்டது.

பல்லடம், ஆபரேட்டர்: எங்கள் பம்ப் பெரிசு. பம்பிலிருந்து தண்ணீர் வெளியேறும் டெலிவரி வால்வைப் பாதி மூடித்தான் ஓட்டுகிறோம். தப்புங்களா அண்ணா?

தப்புதான் தம்பி. பம்ப் உண்டாக்கும் அழுத்தத்தில் ஒரு பங்கு அந்த வால்விலேயே தீர்ந்துபோகிறது. அதற்கும் பில் உண்டு. அதற்காக நாளைக்கே முழுதாகத் திறந்துவிடாதீர்கள், ஆம்பியர் எகிறி மோட்டார் காயில் புகைந்துவிடும். பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரின் விட்டத்தைக் கடைசலில் குறைப்பது ஒரு வழி. பம்புக்குப் பேர் போன கோவை பக்கத்திலேயே இருக்கிறது, பம்ப் செய்தவர்களிடம் அளவு கேட்டுச் செய்யுங்கள். கண்மதிப்பில் வேண்டாம், வெட்டியதை ஒட்ட முடியாது. பம்ப் பழசென்றால் சரியான அளவில் புதுசு வாங்குவதே மேல்.

தாராபுரம்: மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் விஎஃப்டி கருவியை மாட்டினால் பாதி மிச்சம் என்கிறார்களே?

வேகத்தை 80 சதவீதமாக்கினால் மின்சாரம் 51 சதவீதமாகிவிடும் என்ற கணக்கைக் காட்டியிருப்பார்கள். எதிரே உராய்வு மட்டும் இருந்தால் அது சரி. மேல்நிலைத் தொட்டிக்கு ஏற்றும்போது உயரம் குறையாதே! வேகம் ஓர் அளவுக்குக் கீழே போனால் மோட்டார் சுற்றும், தண்ணீர் ஏறாது. தேவை மணிக்கு மணி மாறும் இடத்துக்குத்தான் அது லாபம்.

கோவை: சிறுவாணித் தண்ணீர் தானாக வருகிறதே, மற்றதற்கு ஏன் இவ்வளவு செலவு?

சிறுவாணி மலையில் இருக்கிறது, இறங்கி வருகிறது. காவிரித் தண்ணீரைத் தூக்கித்தான் ஆக வேண்டும்.

அந்தியூர்: பம்ப் நன்றாக ஓடுகிறது, தொட்டிதான் நிறையவில்லை.

தொட்டியிலிருந்து ஊருக்குத் தண்ணீர் போகும் வால்வை மூடிவிட்டு ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். பம்ப் ஹவுஸ் மீட்டரில் போனதும் தொட்டியில் ஏறியதும் ஒத்துவராவிட்டால், குழாய் போகும் காடு வழியே நடந்து பாருங்கள். சித்திரை வெயிலில் எந்த வரப்பு மட்டும் பச்சையாக இருக்கிறதோ, அங்கே தோண்டுங்கள்.